அரசாணிப் பந்தி

அத்தியாயம் 14

"இந்தக் கையால அதை நான் அரியமாட்டனுங்க. நீங்க என்ன சொன்னாலுஞ் சரி."

வேலம்மாள் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூட மைதானத்து ஓரம், சாமியானாவுக்குக் கீழே, சுதந்திர தின விருந்துக்கான காய்கறி குவிந்து கிடந்தது. பொரியலுக்குக் கோஸ் வாங்கி வரச் சொல்லி அனுப்பினால், அவள் புருஷன் தமிழ்செல்வன் சேலத்துச் சந்தையிலிருந்து தன் வாடகை ஜீப் நிறைய அரசாணிக்காய் ஏற்றி வந்திருக்கிறார். மற்ற ஊர்களில் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்கிற அதே காய்தான்.

"கல்யாணமாகி வந்தன்னிக்கு உங்கப்பா எனக்குச் சொன்ன மொதப் பேச்சே, இந்த ஊட்டுக்குள்ள அரசாணி வரக்கூடாது சாமிங்கறதுதான். இப்ப நீங்களே வாங்கியாந்து அரியச் சொல்றீங்க. புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா?"

"நாம திங்கறதுக்கு வாங்குல வேலு. திங்கறவர் ஒருத்தர் இருக்கறார். அவருக்குன்னே வாங்குனது."

அப்படிச் சொன்னபோது தமிழ்செல்வன் முகத்தில் வந்த சிரிப்பை வேலம்மாள் இத்தனை வருஷக் குடித்தனத்தில் பார்த்ததே இல்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சின்னத்தாயி எழுந்து வந்து அரிவாள்மனையில் உட்கார்ந்தாள். "எனக்கு எந்தச் சாமியும் ஆகாதுன்னு சொல்லல. நீ தள்ளு கண்ணு, நான் அரியறேன்."

முதல் காய் இரண்டாகப் பிளந்து விழுந்தது. தமிழ்செல்வனுக்கு வயிறு குளிர்ந்தது.

விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போவோம். தமிழ்செல்வனின் பூட்டன் சித்தன், இதே ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டி இலங்கைக்குப் போனவர் போனவர்தான். இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது, அவருடைய பேரன், அதாவது தமிழ்செல்வனின் அப்பா, சின்னஞ்சிறு மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பலேறி இந்த மலைக்கே வந்து சேர்ந்தார். சொந்த மண், சொந்த சனம் என்று நம்பி வந்தார் பாவம்.

குலசாமி கோயில் வாசலில் சித்தன் வகையறாவுக்கென்று ஓர் அடுப்பு வரிசை உண்டு. தைப் பொங்கலுக்கு அந்த வரிசையில் கல் கூட்டிப் பானை வைக்கிறவன்தான் வகையறாவில் ஒருவன். வந்து நாலைந்து வருஷம் கழித்து அப்பாவும் ஆசையாகக் கல் கூட்டினார். பால் பொங்குவதற்குள், வரிசையில் முதல் பானை வைக்கிற வீட்டு இளவட்டம் ஒன்று வந்து அந்தக் கல்லை எட்டி உதைத்தது.

"கடல் தாண்டிப் போனவனுக்கு இந்த வரிசையில அடுப்பு இல்ல!"

அந்த இளவட்டம்தான் இன்றைக்கு மஞ்சக்குட்டையில் பெரிய மனிதராக உலவுகிற தங்கராஜ். பொங்காத பாலோடு பானையை வீட்டுக்குச் சுமந்து வந்தவன் அரை டிராயர் போட்ட தமிழ்செல்வன். அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை அந்தக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகனோ ஒரு நாள் விடாமல் கறுவிக்கொண்டிருந்தார்.

கறுவி என்ன செய்ய? திருப்பி அடிக்க ஓர் ஆதாரம் வேண்டாமா? அது போன வாரம் தானாக வந்து ஜீப்பில் ஏறியது.

தங்கராஜின் மனைவி பார்வதி, ஏற்காட்டுச் சந்தையிலிருந்து வரும்போது, ஒரு பெரிய அரசாணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். "யாருக்குங்க அண்ணி இது?" என்று ஜீப்பை ஓட்டிக்கொண்டே தமிழ்செல்வன் கேட்டார். "ஊட்டுக்குத்தான் தம்பி. எங்க ஊட்டுக்காரருக்கு அரசாணிப் பொரியல்னா உசுரு. அவங்கப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்" என்றாள் அவள்.

வண்டி ஓரத்து மண்ணில் ஏறி இறங்கியது. சித்தன் ரத்தமாவது, அரசாணி தின்பதாவது! ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் இது ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். அந்த வீட்டுச் சமையற்கட்டும் பந்தியும் தமிழ்செல்வன் குடும்பத்துக்கு என்றைக்குத் திறந்தன, தெரிவதற்கு?

இன்னொரு சங்கதியும் பாக்கி இருக்கிறது. தமிழ்செல்வனின் மகள் கவியாவும் தங்கராஜின் மகன் ஹரிஹரனும் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது இரண்டு வீட்டுக்கும் தெரிந்துபோனது. "ஒரே வகையறா. அவன் உனக்கு அண்ணன் முறை" என்று தமிழ்செல்வன் ஒரே பேச்சில் மகளின் வாயை அடைத்துவிட்டார். அந்தப் பக்கம் தங்கராஜும் அதையே சொல்லித்தான் மகனை அடக்கினார். அடுப்புக்கு இல்லாத முறை அதற்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது. அன்றிலிருந்து கவியா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த நிலையில்தான் ஆகஸ்ட் பதினைந்து விடிந்தது.

மைதானத்தில் கொடி ஏற்றியவர் வழக்கம்போல் தங்கராஜ்தான். மலையிலேயே பழைய குடும்பத்தின் தலைவர் அல்லவா! வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் குத்திய காகிதக் கொடி. பக்கத்தில் அவருடைய விடுதியில் வந்து தங்கியிருக்கும் இலங்கை விருந்தாளி சக்தி. ஹட்டன் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். சித்தனின் இளைய மகன் வழியில் வந்த பிள்ளை, பூர்வீகத்தைப் பார்க்க வேண்டுமென்று கிளம்பி வந்திருக்கிறான்.

தங்கராஜ் மைக்கைப் பிடித்தார். "இந்தப் புள்ளை யாருன்னு நெனைக்கறீங்க? எங்க ரத்தமுங்க! கடல் தாண்டிப் போனாலும் சித்தன் வகையறா சித்தன் வகையறாதானுங்க!"

கூட்டம் கை தட்டியது. தமிழ்செல்வன் உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டார். அதே வாய். அதே கடல். வெளிநாட்டு விருந்தாளி வந்து விடுதிக்குப் பேர் கிடைக்கிறது என்றதும் கடல் வாய்க்காலாகிவிட்டது.

சக்தியின் கைக்கு மைக் வந்தது. "எங்களுக்குச் சுதந்திர தினம் பெப்ரவரி நாலுங்க. உங்களுக்குப் பின்னாலதான் கிடைச்சிச்சு. ஆனா உலகக் கோப்பையில உங்கள முதல்ல அழவெச்சது நாங்கதான், ஞாபகம் இருக்கா?"

"மும்பையில நடந்தது ஞாபகம் இருக்குதா தம்பி?" என்று கூட்டத்திலிருந்து ஹரிஹரன் திருப்பிக் கொடுக்க, மைதானமே சிரித்தது.

இந்தச் சிரிப்புக்கு அடுத்தது மேட்ச். மஞ்சக்குட்டையில் ஆகஸ்ட் பதினைந்து என்றால் கொடி, மிட்டாய், அப்புறம் 'இந்தியா'வுக்கும் 'சிலோனு'க்கும் எட்டு ஓவர் கிரிக்கெட். ஊர்க்காரர்கள் இந்தியா, இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் சிலோன். எல்லாரும் இந்த நாட்டுக்கே ஓட்டுப் போடுகிறவர்கள்தான், ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள் எல்லைக்கோடு உண்டு. ஜெயித்த டீம் தலைவாழை இலையில் உட்காரும், தோற்ற டீம் பரிமாறும். ஜெயித்தவன் 'போதும்' என்று சொல்லும்வரை தோற்றவன் கரண்டியைக் கீழே வைக்கக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டது வேறு யாருமில்லை, ஒரு வருஷம் ஜெயித்த திமிரில், சிலோன் டீம் கேப்டன் தமிழ்செல்வனேதான்.

வருஷா வருஷம் ஜெயிக்கத் துடிக்கிற அந்த மனுஷன், இந்த வருஷம் தோற்கத் துடித்தார். தோற்றால்தான் 'இந்தியா' பக்கத்துத் தங்கராஜ் முதல் பந்தியில் உட்காருவார். தோற்றால்தான் கரண்டி தன் கைக்கு வரும்.

வினை என்னவென்றால், சிலோன் டீமில் இறங்கிய சக்தி பந்தைக் காப்பித் தோட்டத்துக்குள் அடித்தபடியே இருந்தான். மட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கவா முடியும்? விக்கெட் ஒவ்வொன்றாகப் போய்க் கடைசி ஆளாகத் தமிழ்செல்வனே எதிர்முனைக்கு வந்து நின்றார். ஜெயிக்க மூன்றே ரன். சக்தி தட்டிவிட்ட பந்து கல்லில் பட்டு எங்கேயோ ஓடியது. சாவகாசமாக மூன்றும் ஓடலாம்.

ஒன்று ஓடினார்கள். இரண்டாவதுக்குப் பாதிப் பிட்சில் தமிழ்செல்வன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ!" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஹரிஹரன் பந்தை எறிந்தான். ஸ்டம்ப் பறந்தது. 'இந்தியா' துள்ளியது.

"என்ன சித்தப்பா இப்பிடி செஞ்சிட்டீங்க? எங்கட நாட்டு மானம் போச்சே!" என்று சக்தி சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கினான். தமிழ்செல்வன் நொண்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தார். சாமியானா பக்கம் வந்ததும் நொண்டுவதற்கு மறந்துபோனார்.

எல்லைக்கோட்டில் நின்ற கவியா அதைப் பார்த்துவிட்டாள். "கால் சரியாயிருச்சுங்களாப்பா?" என்றாள். ஏரிக்கரைச் சண்டைக்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் பொரியல் வாளியைத் தூக்கிக்கொண்டார்.

பந்தி விரித்தாகிவிட்டது. நடு இலையில் தங்கராஜ், அவருக்கு வலப்பக்கம் விருந்தாளி என்பதால் தோற்றும் இலைக்கு வந்த சக்தி, இடப்பக்கம் ஹரிஹரன், எதிர் வரிசையில் கோயில் பூசாரி. மூடுபனி லேசாக இறங்க, சோற்றில் ஆவி பறந்தது.

"வா தமிழு, வா. உங்கப்பன் சிலோன்ல கத்துக்கிட்டு வந்த ஆட்டம் இவ்வளவுதானா?" என்றார் தங்கராஜ்.

வேறு நாளாக இருந்தால் தமிழ்செல்வனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். இன்றைக்குக் குனிந்து, பணிவாக, தங்கராஜ் இலையில் ஒரு பெரிய கரண்டி அரசாணிப் பொரியல் வைத்தார்.

"அடடே, அரசாணியா! இன்னுங் கொஞ்சம் போடப்பா."

போட்டார். தங்கராஜ் சோற்றைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் வழித்து வாயில் போட்டார். ஒரு வாய், இரண்டு வாய். தமிழ்செல்வன் கண் இமைக்காமல் பார்த்து நின்றார். மூன்றாவது வாய்க்குத் தங்கராஜின் கை இறங்கியபோது, வாளி சக்தியின் இலைக்கு நகர்ந்தது.

சக்தி சட்டென்று இரண்டு கையாலும் இலையை மூடினான். "வேணாம் சித்தப்பா. இது வட்டக்காதானே? எங்க குடும்பத்துக்கு ஆகாது."

தமிழ்செல்வனுக்கு இது தெரியும். நேற்று அடிவாரத்திலிருந்து இவனை ஏற்றி வந்தபோதே, இலங்கையில் இந்தக் காய்க்குச் சொல்கிற பேரைச் சொல்லி, நைசாகக் கேட்டு வைத்திருந்தார். இருந்தாலும் தெரியாதவர்போல் குரலை உயர்த்தினார்.

"ஏன் சாமி ஆகாது? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"சித்தன் பாட்டன்ட முப்பாட்டன் காலத்துக் கதை சித்தப்பா. கரடி வந்தப்ப, கைப்பிள்ளைய இந்தக் கொடிக்கடியில மறைச்சு வெச்சுத்தான் காப்பாத்தினாங்களாம். அந்தப் பிள்ளை பிழைச்சதாலதான் நாங்க எல்லாரும் இருக்கோம். அதால சித்தன் வம்சத்து ஆம்பளைப் பிள்ளைகள் வீட்டில இதை வெட்டவும் மாட்டாங்க, தின்னவும் மாட்டாங்க. அங்க தோட்டத்துல பட்டினி கிடந்த காலத்துலயும் தொட்டதில்லையாம்."

பூசாரி சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அட! நம்ம சாமி படையலுக்கு அரசாணி ஆகாதுன்னு எங்கப்பா சொல்லித் தெரியும். எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

தமிழ்செல்வன் வாளியை நங்கென்று கீழே வைத்தார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! எங்கப்பன் சாகறவரைக்கும் இதைத் தொட்டதில்ல. ஹட்டன்ல இருந்து வந்த புள்ளை தொடமாட்டேங்குது. கடல் தாண்டிப் போனவங்க ரெண்டு தலைமொறையா, மூணு தலைமொறையாக் காப்பாத்திட்டு இருக்கறோம். இங்கயே இருந்து, சித்தன் வகையறான்னு மொதப் பானை வெக்கறவரு இலையைப் பாருங்க!"

எல்லாக் கண்ணும் நடு இலைக்குத் திரும்பின. தங்கராஜின் விரலிடுக்கில் அரசாணி மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" தங்கராஜ் குரலை உயர்த்தப் பார்த்தார், ஏறவில்லை. "காலம் மாறிப்போச்சு. இதையெல்லாம் எவன் பாக்கறான்?"

"இல்லைங்க, நீங்க சாப்பிடலாம்! தப்பே இல்ல" என்று சக்தி பதறிக்கொண்டு குறுக்கே வந்தான். விருந்து கொடுத்த மனிதருக்குச் சங்கடம் வேண்டாமென்று அந்த நல்ல பிள்ளை நினைத்தது. "நீங்க ஆராயிப் பாட்டி வழிதானே? கட்டிக் குடுத்த பொண்ணு புருஷன் வீட்டு வழக்கத்துக்குப் போயிருவாங்க. உங்களுக்கு இந்தத் தடையே கிடையாது."

"ஆராயி..." பூசாரி இழுத்தார். "தங்கராஜோட அப்பாவைப் பெத்தவங்க. சித்தனுக்கு மருமவள்னுதான தம்பி இங்க சொல்லுவாங்க?"

"மருமகளா? மகளுங்க! ஒரே மகள். அவங்களையும் வீட்டோட இருந்த மாப்பிள்ளையையும் இங்க விட்டுட்டு, ரெண்டு மகன்களோடதான் பாட்டன் கப்பலேறினது. எங்க வீட்டில சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. 'ஆராயி இல்லம்'னு விடுதிப் பேரை நெட்ல பார்த்ததாலதானே நான் இவங்களத் தேடி வந்தேன்!"

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

தமிழ்செல்வனுக்கே இது புதுச் சேதி. தங்கராஜ் வம்சத்தில் ஏதோ கோளாறு என்பதுவரைதான் அவர் கணக்கு. இப்படி, தங்கராஜ் தன் வாசலில் தானே எழுதி வைத்த பேரே அவரைக் காட்டிக் கொடுக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அடித்த அடியில் எதிரி விழுந்தால் போதும் என்று இருந்தவருக்கு, எதிரியின் வீடே இடிந்து விழுந்தால் எப்படி இருக்கும்!

பூசாரி தொண்டையைச் செருமினார். "மக வழிக்கு அடுப்பு வரிசையில எடமில்லீங்க தங்கராஜு. அது அவங்கவங்க குலசாமிகிட்டப் போகோணும். வர்ற தைக்கு மொதப் பானை... மொறையாப் பாத்தா, தமிழ்செல்வனுதுங்க."

எத்தனை வருஷம் காத்திருந்த வாக்கியம் அது! தமிழ்செல்வன் தங்கராஜின் இலைக்கு நேராக வந்து நின்றார். கல்லை எட்டி உதைத்த கால், மடக்கிச் சப்பணமிட்டு, அவர் கண்ணுக்குக் கீழே கிடந்தது. அன்றைக்கு அப்பாவின் காதில் எந்தக் குரலில் விழுந்ததோ, அதே குரலில் தங்கராஜின் காதிலும் விழட்டும் என்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இந்த வரிசையில உங்களுக்கு அடுப்பு இல்லீங்க."

பார்வதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கராஜ் எழப் பார்த்தார், கால் மரத்துப்போயிருக்க வேண்டும், பாதியில் நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பாவம் என்று தமிழ்செல்வனுக்கு ஒரு துளியும் தோன்றவில்லை. அப்பா சுமந்து வரச் சொன்ன அந்தப் பால் இன்றைக்குத்தான் பொங்கியது.

அப்போது பின்னாலிருந்து, தண்ணீர்ச் சொம்போடு கவியா வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த அமைதியில் கடைசி இலைவரைக்கும் கேட்டது.

"அப்பா, ஒரே வகையறா இல்லைன்னு நீங்களே ஊரைக் கூட்டிச் சொல்லிட்டீங்க. அப்ப ஹரி எனக்கு அண்ணன் முறை இல்லைதானுங்களே?"

தமிழ்செல்வன் திரும்பினார்.

அரிவாள்மனையைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னத்தாயி அங்கிருந்தே கணக்குப் போட்டுக் கொடுத்தாள். "மகன் வழியும் மக வழியும்னா மாமன் மச்சான் மொறை கண்ணு. தங்கராஜு உங்கப்பனுக்கு மச்சான். மச்சான் பையன் மருமவன். இதுல என்ன சந்தேகம்?"

ஹரிஹரன் இலையிலிருந்து தலையைத் தூக்கினான். கவியா அவனைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். மகளைத் தடுக்கத் தன் கையில் இருந்த ஒரே ஒரு கதவைத் தானே பெயர்த்து எறிந்திருக்கிறோம் என்பது தமிழ்செல்வனுக்குப் புரிந்தது. யார் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று சபதம் செய்தாரோ, அந்த வீட்டு வாசலில் தாம்பூலத் தட்டோடு நிற்பதா?

பாதி எழுந்து நின்ற தங்கராஜ் மகனைப் பார்த்தார். கவியாவைப் பார்த்தார். பிறகு தமிழ்செல்வனின் முகத்தை, அது வெளிறிப் போயிருந்ததை, நன்றாகவே பார்த்தார். அவருடைய முகத்துக்கு மெல்ல உயிர் திரும்பியது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் சப்பணமிட்டு, இலை முன்னால் நன்றாக அமர்ந்தார்.

"பந்தியில பாதியில எந்திரிச்சா நல்லா இருக்காதுங்களே" என்றார், ஊருக்கே கேட்கும்படி. "அரசாணி நொம்ப ருசியா இருக்குது. இன்னொரு கரண்டி வெய்யுங்க, மச்சான்."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் பந்தி முழுக்கச் சிரித்தது.

தமிழ்செல்வன் குனிந்து வாளியைத் தூக்கினார். ஒரு கரண்டி வைத்தார். தங்கராஜ் இலையைக் காட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு கரண்டி வைத்தார். வெற்றிலைக் கறையேறிய பல் தெரியச் சிரித்த தங்கராஜ், 'போதும்' என்று சொல்லவே இல்லை.